சேரியை விட்டுப் போவது துரோகமா?

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் இதே இடத்தில் ஒரு தம்பி பேசினார். "படிச்சு வேலைக்குப் போனவன் முதல்ல செய்யுறது வீட்டை மாத்துறதுதான். அன்னைக்கோட அவன் நமக்குச் செத்தவன்" என்றார். பலமான கைத்தட்டல். நானும் தட்டினேன். தட்டிட்டு வீட்டுக்குப் போனா, மேசை மேல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்போட வண்ண நோட்டீஸ் கிடக்குது. வாங்கி வந்து வைத்தவர் என் துணைவியார். அதனால இன்னைக்கு நான் தத்துவம் பேசப் போறதில்ல. என் வீட்டுக் கணக்கைத்தான் உங்க முன்னால வைக்கப் போறேன்.

நான் பிறந்து வளர்ந்தது புளியந்தோப்பு. அப்பா பின்னி மில் தொழிலாளி. 1921 வேலைநிறுத்தத்தின் போது நம் தெருக்களைக் கொளுத்திய கதையைக் கேட்டு வளர்ந்தவர். மில்லும் போச்சு, அப்பாவும் போயிட்டார். மில் இருந்த நிலத்தில் இப்போது பணக்கார அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. நாங்க போக நினைக்கிற இடம் அதுவல்ல. தெற்கே, தாம்பரம் போகிற வழியில் ஒரு புறநகர். பேரைச் சொல்ல மாட்டேன், அவசியமில்லை. கோயில், சபா, பூங்கா, வாசல்ல காவலாளி, எல்லாம் இருக்கிற இடம்.

துணைவியார் சொல்வதை முதலில் சொல்கிறேன், ஏன்னா அது நியாயம். மழை வந்தா எங்க தெருவில் சாக்கடையும் மழைத்தண்ணியும் ஒன்னாகி வீட்டுக்குள்ள வரும். லாரித் தண்ணிக்குக் குடம் வைக்கிற வேலை ஆண்களுடையதாக எந்த வீட்டிலும் இருந்ததில்லை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ராத்திரி படிக்க இடமில்லாமல் ஆயாவோட கட்டிலடியில் உட்கார்ந்து படிக்கிறாள். விலாசத்தைச் சொன்னதும் ஆட்டோக்காரர் "அங்க வராது சார்" என்கிறார். "நீங்க மேடையில சேரியைப் பத்திப் பேசிட்டு பத்து மணிக்கு வர்றீங்க. பகலெல்லாம் அதுல இருக்கிறது நான்" என்றார். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. சேரி வாழ்க்கையைப் புனிதப்படுத்திக் கவிதை எழுதுகிற நம் தோழர்களிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். ஊருக்கு வெளியே நாம் விரும்பிப் போய்க் குடியேறவில்லை. தள்ளி வைக்கப்பட்டோம். தள்ளி வைக்கப்பட்ட இடத்திலேயே இருந்தால்தான் தலித் என்று சொல்வது, சாதி இந்து சொல்வதை நாமே திருப்பிச் சொல்வது.

அண்ணல் வாழ்க்கையையே எடுத்துக்குங்க. 1917இல் பரோடாவில் உத்தியோகம். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோட வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்து ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர் பரேல் தொழிலாளர் சாலில் வருடக்கணக்காகக் குடும்பத்தோடு ஒண்டியிருந்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் தாதரில் ராஜகிருகம் கட்டினார். புத்தகங்களுக்காகக் கட்டிய வீடு. அது எந்தப் பகுதியில் தெரியுமா? இந்து காலனி!

நம் கிராமத்தில் 'காலனி' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். ஆனா தாதரில் காலனி என்றால் வசதியானவர்கள் இருக்கிற இடம். நம்ம ஊரில் காலனி என்றால் நாம் இருக்கிற இடம். ஒரே சொல்லு. யார் குடியிருக்காங்க என்பதைப் பொறுத்து அது மணக்குது, இல்லன்னா நாறுது.

அண்ணல் பரேலை விட்டுத் தாதருக்குப் போனதை நாம் யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. அவர் அம்பேத்கராகவே போனார். பரோடாவில் வேறு பேரைச் சொன்னதற்குக் கிடைத்தது பதினோரு நாள். தாதரில் சொந்தப் பேரில் கட்டிய வீட்டுக்கு இன்றும் டிசம்பர் 6 அன்று சனம் தேடிப் போகிறது. 2020 ஜூலையில் அங்கேயும் புகுந்து பூந்தொட்டிகளை உடைத்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கேதான் என் பயம் இருக்கிறது. நம்மில் பலர் குடிபோவது ராஜகிருகத்துக்கு அல்ல, பரோடா விடுதிக்கு. என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படிப் போனார். அண்ணல் படம் முதலில் படுக்கையறைக்குள் போனது. அப்புறம் பீரோவுக்குள். மாட்டுக்கறி நின்னு போச்சு, குக்கர் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போயிடுமாம். சொந்தக்காரங்க வந்தா 'சத்தமா பேசாதீங்க'. இப்ப சொந்தக்காரங்களே வர்றதில்ல. அவரைத் திட்டுறதுக்காகச் சொல்லல. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த நாளில் சக மாணவர்கள் தன் சாதியையும் இருப்பிடத்தையும் தெரிந்துகொள்வார்களோ என்று பயந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். பள்ளி விட்டதும் யாரும் கூட வராதபடி வேகமாக நடந்து வீடு சேர்ந்துவிடுவாராம். 1939இல் வெளிவந்த தன் வரலாற்றில் அதை மறைக்காமல் எழுதினார். அந்த வேக நடையை என் நண்பர் ஐம்பது வயசில் நடக்கிறார். அதுவும் வங்கிக் கடன் வாங்கி.

வீடு பார்க்கப் போன அன்று தரகர் கேட்டதைச் சொல்கிறேன். முதல் கேள்வி, "சொந்த ஊர் எது சார்?" சென்னைதான் என்றேன். "அதில்ல சார், பூர்வீகம்?" அதுவும் சென்னைதான். "சைவமா?" இல்லை. கொஞ்சம் யோசித்தார். "என்ன ஆளுங்கன்னு நான் கேக்க மாட்டேன் சார். அசோசியேஷன்ல கேப்பாங்க." கேட்காமலேயே கேட்டு முடித்துவிட்டார்! துணைவியார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பேரையும் சாதியையும் சேர்த்தே சொன்னேன். மனுஷன் முகம் மாறல, அதைச் சொல்லணும். "அப்ப ரெண்டாவது மாடி வேணாம் சார், நாலாவது பாருங்க" என்றார். ரெண்டாவதில் யார் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமாக வந்து, பிறகு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியதே, அதன் 4ஆவது பிரிவு எந்தப் பகுதியிலும் வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தீண்டாமையின் பேரால் தடை செய்வதைக் குற்றம் என்கிறது. தேநீர்க் கடை இரட்டைக் குவளைக்குப் புகார் கொடுக்கிற நாம், வீடு மறுத்ததற்கு எத்தனை புகார் கொடுத்திருக்கிறோம்? 'வேற ஆளுக்குப் பேசிட்டோம்'னு சிரிச்சிக்கிட்டே சொல்றவனை எந்தப் பிரிவில் பிடிக்கிறது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், அகமதாபாத் பார்சி வீட்டுவசதி சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சிறுபான்மையினர் சங்கம், வேறு விஷயம் என்பார்கள். ஆனால் அந்தக் கதவு வழியாக யார் யார் நுழைவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

தனியொருவன் குடிபெயர்வதை அண்ணல் தீர்வாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. 1942 நாக்பூர் மாநாட்டில் கேட்டது தனிக் குடியேற்றம், அரசு செலவில், கூட்டமாக. 1947இல் அரசமைப்புக்காக எழுதிய அறிக்கையிலும் அதையே கேட்டார். அரசு நமக்குக் கொடுத்த கூட்டக் குடியேற்றம் எது? கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த சனத்தை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதுவும் புறநகர்தான். கணினிக் கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே. வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு மட்டும் அங்கே. என் சித்தி மகள் ரெண்டு பஸ் மாறி வீட்டு வேலைக்கு வர்றா. நான் கடன் வாங்கித் தெற்கே போறேன், அவளை லாரியில ஏத்தித் தெற்கே அனுப்பினாங்க.

என்னை உண்மையில் தடுப்பது தரகர் அல்ல. எங்க தெருவில் ஒரு இரவுப் பள்ளி இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம், நாலு பேரும் பட்டதாரிகள். ஒருத்தர் அண்ணா நகர் போனார், ஒருத்தர் மடிப்பாக்கம், ஒருத்தர் பெங்களூர். போகும்போது மூணு பேரும் சொன்னது, 'ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்'. முதல் மாசம் வந்தாங்க. இப்ப ஏப்ரல் 14க்கு மாலை போட வர்றாங்க. மிச்சம் நான் ஒருத்தன், இருபத்தாறு பிள்ளைங்க. போனவங்க கெட்டவங்க இல்ல. தூரம், குடும்பம், களைப்பு. நானும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லப் போறேன், வேற வாக்கியம் கிடையாது. தெருவில் படித்தவன் ஒருவன் இருந்தால் காவல்துறை ஆள் தூக்க வரும்போது கேள்வி கேட்க ஒரு வாய் இருக்கும். அது போவதற்கு எந்தச் சம்பளமும் ஈடில்லை. இரவுப் பள்ளியை எடுத்து நடத்த இங்கே இருக்கும் மாணவர்களில் ரெண்டு பேர் வர முடியுமா என்று கேட்கத்தான், சொல்லப்போனா, இன்னைக்கு வந்தேன். ஆள் வந்தா போறேன். வரலைன்னா அடுத்த வருசம் பார்க்கலாம்னு துணைவியார்கிட்ட சொல்லிப் பார்க்கணும். சம்மதிப்பார் என்று தோணல.

போனால் வாசலில் என் பேரும் அவர் பேரும் இருக்கும், அண்ணல் படம் கூடத்தில் வாசலைப் பார்த்து இருக்கும். இது மகள் போட்ட நிபந்தனை. நண்பர் வீட்டு பீரோவை அவளும் பார்த்திருக்கிறாள்.

அம்மாவிடம் இன்னும் முழுசா சொல்லல. அரைகுறையாக் காதில் விழுந்து ஒன்னே ஒன்னு கேட்டது: "நைனா, நான் செத்தா அங்க மோளம் அடிக்க வுடுவானுங்களா?" சங்கச் செயலாளருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "விதிமுறையைப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றார். மூணு வாரம் ஆச்சு. முன்பணம் கட்ட வர்ற பத்தாம் தேதி கெடு.

இனி நீங்க கேளுங்க.