சால மரங்களின் அடியில்

 

சென்ற மார்ச்சுத் திங்களில் நம் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் இராம்நகர் சென்று, கார்பெட் தேசியப் பூங்காவின் எல்லையோரம் சால மரங்களுக்கிடையே கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கினோம். அங்குக் கண்டதை இம்மேடையில் கூறுமாறு செயலாளர் பணித்தார். குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்குச் சொற்பொழிவு புதிது, பிழை பொறுத்தருள்க.

சால மரம் நூறடி உயரம் வளர்வது. நம் திருக்கோயில்களில் தூபமிடும் குங்கிலியம் இதன் பிசினே. நாங்கள் சென்றது அம்மரம் இலை மாற்றும் பருவம். இரவு முழுதும் கூடாரத்தின்மேல் சலசலப்பு. மழையென்று எண்ணி வெளியே வந்தால், வானம் நிறைய விண்மீன்கள்; உதிர்ந்தவை இலைகள்!

மறுநாள் பூங்காவினுள் ஜீப்பில் செல்லுகையில் எங்கள் சிறுவன் ஒருவன், “இத்தனை பெரிய மரத்தை வெட்டி என்ன செய்வார்கள்?” என்று வினவினான். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை நம் தொழிலிலேயே இருந்தது. 1853-இல் பம்பாயில் முதல் பயணி வண்டி ஓடியது. பின்னர்ப் பாதை நீள நீள, ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. மைலுக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள். நடுத்தர மரம் ஒன்றில் கிடைப்பதோ 3 முதல் 5. ஆக, மைலொன்றுக்கு ஏறத்தாழ 500 மரங்கள்! சாலமும் தேக்கும் தேவதாருவும் இவ்வாறு வீழ்ந்தன. காடு குறைவது கண்டு 1864-இல் அரசு வனத்துறையை நிறுவியது. இன்று கான்கிரீட் ஸ்லீப்பர் வந்துவிட்டது; பட்ட கடன் மட்டும் தீர்ந்தபாடில்லை.

ஜிம் கார்பெட்டும் இரயில்வேயில் உழைத்தவரே. இளமையில் எரிபொருள் ஆய்வாளராக இருந்து, எஞ்சின்களுக்கு விறகாகக் காட்டை வெட்டுவித்தார். அவரே பிற்காலத்தில் காட்டைக் காக்கக் குரல் கொடுத்தார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்று தோன்றிய நாட்டின் முதல் தேசியப் பூங்கா, 1955-இல் அவர் மறைந்த பின் அவர் பெயரைப் பெற்றது. வெட்டிய கையே காக்கவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அன்பர்களே! சென்ற ஆண்டு விழாவில் நம் குடியிருப்பில் 40 வேப்பங்கன்றுகள் நட்டோம், கைதட்டி மகிழ்ந்தோம். கோடையில் நீரூற்றுவாரின்றி 29 பட்டுப்போயின. குற்றம் பிறருடையதன்று, நம்முடையதே. எஞ்சிய 11 கன்றுகளுக்கு இன்று முதல் முறைவைத்து நீரூற்றுவோம். மாற்றலாகிச் செல்வோர், வீட்டுச் சாவியோடு கன்றையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துச் செல்வார்களாக!