களஞ்சியமும் காவலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. அம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறியின் முன் அமர்ந்தே ஊதியம் பெறுகின்றனர். நிலக் கணக்கு, குடும்ப அட்டை, ஓய்வூதியம், வங்கி இருப்பு ஆகிய யாவும் தரவுத்தளம் என்னும் களஞ்சியத்தில் உறைகின்றன. “கணினி திறக்கவில்லை, நாளை வாருங்கள்” என்னும் சொல்லைக் கேட்டு வெயிலில் திரும்பிய முதியோர் எத்தனை பேர்! அக்கதவு ஏன் திறப்பதில்லை, அதைத் திறக்கும் முறை யாது என்பதே என் பேச்சின் பொருள்.

இக்களஞ்சியத்திற்குக் காவல் ஒன்றன்று, இரண்டு. திருமலைக்குச் செல்வோர் இதனை எளிதில் உணரலாம். அலிபிரியில் சோதனையைக் கடந்தால்தான் வண்டி மலையேறும். ஆனால் அதைக் கடந்ததனாலேயே சிறப்பு நுழைவுத் தரிசன வரிசையில் நின்றுவிட இயலாது. அதற்கு நாளும் நேரமும் குறித்த சீட்டு வேண்டும். தரவுத்தளமும் அவ்வாறே. “நீ யார்?” என்று கேட்பது முதற்காவல், அது பெயரையும் கடவுச்சொல்லையும் பார்க்கும். “நீ என்ன செய்யலாம்?” என்று கேட்பது இரண்டாம் காவல், அது உரிமையைப் பார்க்கும். தடை எக்காவலில் நேர்ந்தது என்று அறியாமல் மருந்து தேடுவது, நோய் அறியாமல் மருத்துவம் செய்வதாகும்.

ஆகவே, திரையில் தோன்றும் பிழை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் 1045 என்ற எண் வந்தால் வாயிலிலேயே மறுக்கப்பட்டோம் என்று பொருள். 1142 வந்தால், உள்ளே வந்துவிட்டோம், ஆனால் அந்த அட்டவணையில் அச்செயலுக்கு உரிமை இல்லை என்று பொருள். ஆரக்கிளில் 01017 என்பது பெயரோ கடவுச்சொல்லோ பிழை என்பதையும், 28000 என்பது கணக்கே பூட்டப்பட்டது என்பதையும் குறிக்கும். பூட்டிய கணக்கிற்குப் புதிய கடவுச்சொல் மட்டும் தந்து பயன் என்ன?

சில விடைகள் நம்மை மயக்கவும் செய்யும். ஆரக்கிளில் 00942 என்ற எண் “அட்டவணை இல்லை” என்று கூறும். உண்மையில் அட்டவணை இருக்கலாம். காண உரிமையில்லாதவர்க்கு அது இருப்பதையே காவல் மறைக்கிறது. மைஎஸ்கியூஎல் பெயரை மட்டும் பாராது, எந்த இயந்திரத்திலிருந்து வருகிறீர் என்பதையும் பார்க்கும். ஆதலின், தலைமை இயந்திரத்தில் திறக்கும் கதவு, அடுத்த அறையின் இயந்திரத்திலிருந்து திறவாமற் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகள் சேர்ந்து திருப்பதி மாவட்டம் பிறந்தது. அத்தகைய பிரிவினையில் ஒரு களஞ்சியத்தைப் புதிய இயந்திரத்திற்கு மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் வாயிற்பெயர் வேறு, களஞ்சியத்துள் பதிந்த பயனர் வேறு. இரண்டையும் இணைப்பது ஓர் உள் அடையாள எண். புதிய இயந்திரத்தில் அதே பெயரை எழுதினாலும் எண் மாறிவிடும். பெயர் ஒன்றாயிருந்தும் பயனர் தாயற்ற பிள்ளை போல நிற்பார். இருவரையும் மீண்டும் இணைத்தால் சிக்கல் தீரும்.

அன்பர்களே! இவ்வாறு படிப்படியாகத் தேடப் பொறுமை இல்லாதவர் இரண்டு குறுக்குவழிகளை நாடுவர். ஒன்று, கேட்டவர்க்கெல்லாம் முழு உரிமையையும் வழங்கிவிடுதல். மற்றொன்று, நண்பரின் கடவுச்சொல்லை இரவல் பெறுதல். இரண்டும் தீது.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், காவலின்றி இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி களஞ்சியங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டன. பணம் தந்தால் திருப்புவோம் என்று கயவர் ஓலை வைத்தனர். 2018 ஜனவரியில், 500 ரூபாய்க்கு ஆதார் விவரங்களைக் காணும் நுழைவு கிடைத்ததாகச் சண்டிகரின் ‘தி டிரிப்யூன்’ நாளேடு எழுதியது. மக்களின் குறை தீர்ப்பதற்கென அலுவலர்க்குத் தந்த தேடும் வசதி தவறாகப் பயன்பட்டது என்பது ஆதார் ஆணையத்தின் விளக்கம். பூட்டை உடைக்க வேண்டியதில்லை. இரவல் சாவியே போதும்!

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பை 360 நாளுக்கென வரையறுத்தது; முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் தேர்தலிலிருந்தே விலக்கியது. தகுதி, காலவரையறை, கணக்கு என்னும் இம்மூன்றே இன்றைய களஞ்சியத்திற்கும் வேலி. உரிமை வழங்கும் அலுவலர், பணிக்கு வேண்டிய அளவே தரல் வேண்டும். ஒருவர் இடம் மாறிய அன்றே பழைய உரிமையை நீக்கல் வேண்டும். கணக்கைப் பார்க்க மட்டும் வேண்டியவர்க்குத் திருத்தும் உரிமை எதற்கு?

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். நடவடிக்கைப் பதிவேடு வைத்திருக்கும் தரவுத்தளம், எந்தப் பயனர் பெயரில் மாற்றம் நிகழ்ந்ததோ அப்பெயரைக் குறித்துவைக்கும். விசைப்பலகையில் இருந்த விரல் யாருடையது என்பது அதற்குத் தெரியாது. நட்புக்காக நீங்கள் தந்த கடவுச்சொல்லால் பிறர் ஒரு விதவையின் ஓய்வூதியத்தை மாற்றிவிட்டால், விசாரணையில் முதலில் அழைக்கப்படுவது உங்கள் பெயரே. கடவுச்சொல் உங்கள் கையொப்பம். வெற்றுத்தாளில் எவரும் கையொப்பமிடுவரோ? மேலாளர் அவசரப்படுத்தினாலும், “அவர் பெயரிலேயே உரிமை வழங்குங்கள்” என்று பணிவுடன் சொல்லுங்கள். அச்சொல்லில் அவமதிப்பு இல்லை; நேர்மையே உண்டு.

பிழைப்பு நாடி வந்த நமக்குப் பெரிய முதல் நற்பெயரே. அதைக் காப்போமாக.