எஞ்சின் பலமும் சக்கரத்தின் பிடியும்



சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலைப் பொழுது. நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர் பள்ளி வாசலுக்கு வந்து நின்றார். இப்போது அவருக்கு ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருக்குப் பின்னால் அவருடைய தந்தையார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய கைகள். தோட்டம் விற்கப்பட்டபோது கிடைத்த நட்ட ஈட்டுப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

"சார், இவன் வீரா காரை ஈவோவா மாத்தப் போறானாம். நாலு சக்கரமும் இழுக்குமாம். மழையில கூட வழுக்காதாம். பணம் கேக்குறான். கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியவர்.

நாம் மெக்கானிக் அல்லர். ஆயினும் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடம் படித்தவர்கள். நெம்புகோல், உராய்வு, விசை என்று பிள்ளைகளுக்கு நாம் கற்பிப்பவை காருக்கும் பொருந்துபவையே. அன்று அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறோம். இப்படிப்பட்ட கேள்வி பல வீடுகளில் எழுந்துகொண்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

முதலில் கியர்ப் பெட்டியைப் பார்ப்போம். பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மேட்டில் ஏறியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கியர் இல்லாத சைக்கிளில் மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதே மேட்டில் கப்சாய் மோட்டார் சைக்கிள் முதல் கியரில் மெதுவாக ஏறிவிடும். ஏன்? சிறிய பல்சக்கரம் பல முறை சுற்றிப் பெரிய பல்சக்கரத்தை ஒரு முறை சுற்ற வைக்கிறது. வேகம் குறைகிறது; முறுக்கு விசை கூடுகிறது.

காரிலும் இதுவே நடக்கிறது. ஒரு சாதாரணக் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 900 முறை சுற்றுகிறது. எஞ்சினோ நிமிடத்திற்கு 6,000 முறைகூடச் சுற்ற வல்லது. இந்த இரண்டையும் இணைத்து வைப்பதே கியர்ப் பெட்டியின் வேலை. முதல் கியரில் எஞ்சின் பன்னிரண்டு, பதினான்கு முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதனால்தான் புறப்படும் நேரத்தில் இழுவை அதிகமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி: இந்த இழுவையை எந்தச் சக்கரங்களுக்குக் கொடுப்பது?

பழைய காலத்துக் கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும். நீண்ட ஷாஃப்ட் ஒன்று காரின் அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுற்றும். தோட்டத்து லாரியும் அப்படித்தான். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது, அது முன்சக்கரங்களால் இழுக்கப்படும் காராக இருந்தது. நாம் சிறு பிள்ளைகளாக இருந்த காலம் அது. தோட்டத்து மக்களில் பலர் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய கார் அதுவே. முன்சக்கர இழுவையில் நீண்ட ஷாஃப்ட் தேவையில்லை. கார் இலேசாகிறது; விலை குறைகிறது; உள்ளே இடம் கூடுகிறது. எஞ்சினின் பாரம் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதால், ஈரச் சாலையில் மெதுவாகப் புறப்படும்போது நல்ல பிடிப்பும் கிடைக்கிறது.

ஆனால் எஞ்சினின் பலம் மிகுதியானால் கதை மாறும். லாரியின் பின்புறத்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். லாரி திடீரென்று கிளம்பினால் உடம்பு பின்னால் சாயும். காரின் பாரமும் அப்படியே பின்னால் சாய்கிறது. அப்போது முன்சக்கரங்களின் மேல் பாரம் குறைகிறது; பாரம் குறைந்தால் பிடிப்பும் குறைகிறது. இழுப்பதும் திரும்புவதும் ஆகிய இரண்டு வேலைகளையும் முன் டயர்களே செய்ய வேண்டியிருப்பதால், வளைவில் வேகமாக எண்ணெயை அழுத்தினால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும்.

பின்சக்கர இயக்கத்தில் பாரம் பின்னால் சாய்வது உதவியாகிறது. பலம் மிகுந்த ஜெர்மானியக் கார்கள் பல இம்முறையை விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் ஈரமான வளைவில் அளவுக்கு மீறி எண்ணெயை அழுத்தினால் காரின் வால் பக்கவாட்டில் வழுக்கிக் கார் சுழன்றுவிடும்.

நான்கு சக்கர இயக்கம் பலத்தை நான்காகப் பங்கிடுகிறது. தைப்பிங்கில் மேக்ஸ்வெல் குன்று என்று நாம் அழைத்த புக்கிட் லாரூட் மலையில், பல்லாண்டுக் காலம் லேண்ட் ரோவர் வண்டிகளே ஆட்களை ஏற்றிச் சென்றன. செங்குத்தான, நனைந்த மலைச் சாலைக்கு அதுவே ஏற்றது. பந்தயக் கார்களில் இம்முறையின் ஆற்றலை 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடி குவாட்ரோ உலகுக்குக் காட்டியது.

இனி நம் மாணவரின் ஆசைக்கு வருவோம். 1993இல் வெளிவந்த புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சர் காரின் அடிப்படையில் உருவானது. அதே தலைமுறை லான்சரிலிருந்து ஜப்பானில் 1992 முதல் உருவானவையே லான்சர் எவல்யூஷன் கார்கள். இவற்றையே இளைஞர்கள் ஈவோ என்கிறார்கள். சாதாரண 1.5 லிட்டர் வீராவுக்கு ஏறத்தாழ 90 குதிரைசக்தி. முதல் ஈவோவுக்கு டர்போ பொருத்திய 2 லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ 250 குதிரைசக்தி, ஐந்து கியர், நான்கு சக்கர இயக்கம். தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஆகவே ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் எனப்படும் பாதி வெட்டிய பழைய காரின் பாகங்களை வாங்கி, வீராவை ஈவோவாக்கும் ஆசை பிறந்தது.

எஞ்சினை மட்டும் மாற்றினால் அத்தனை பலமும் இரண்டு முன்சக்கரங்களின் மேல் விழும். டயர் கதறும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். நான்கு சக்கர இயக்கமாகவே மாற்றுவதென்றால், பின்பகுதித் தரையை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பின் அச்சு, ஷாஃப்ட், பெரிய பிரேக் எல்லாம் வேண்டும். ஈவோவைச் செய்தவர்கள் அதன் கூட்டையே பல இடங்களில் உறுதிப்படுத்தினார்கள். ஒரு பட்டறையில் வெட்டி ஒட்டிய கூட்டில் அந்த உறுதி இருக்குமென்று யார் பொறுப்பேற்பார்? எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும். அனுமதியின்றி மாற்றிய கார் விபத்துக்குள்ளானால் காப்புறுதிப் பணம் கிடைக்காமல் போகலாம்.

"ஆனா சார், கரம்ஜித் சிங் அந்த மாதிரி காரிலதானே ஜெயிச்சாரு?" என்று மாணவர் கேட்டார்.

உண்மைதான். நம் நாட்டு வீரர் கரம்ஜித் சிங் 2002ஆம் ஆண்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். பக்கத்தில் அமர்ந்து வழி சொன்னவர் ஆலன் ஓ. அவர்களின் புரோட்டோன் பெர்ட் கார், ஈவோவின் அடிப்படையில் அமைந்த நான்கு சக்கர இயக்கக் காரே. ஆனால் அந்தக் காருக்குள் இரும்புக் குழாய்க் கூண்டு இருந்தது. ஓட்டியவர் தலைக்கவசம் அணிந்திருந்தார். சாலை அடைக்கப்பட்டிருந்தது, எதிரே பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து வரவில்லை. நம் சிம்பாங் பூலாய் மலைச் சாலையில் அப்படியா?

இங்கேதான் பெரியவரின் கேள்விக்கு விடை இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் கார் புறப்படவும் வேகம் பிடிக்கவும் உதவும். ஆனால் நிறுத்துவதற்கு? பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. மலிவுக் காரானாலும் ஈவோவானாலும், சாலையைத் தொடுவது உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளே. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கை எந்த எஞ்சினும் மாற்ற முடியாது. நான்கு சக்கர இயக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. ஈரத்திலும் கார் சுலபமாக வேகம் எடுப்பதால், சாலை வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும். பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

கியர் வகைகளைப் பற்றியும் மாணவர் கேட்டார். கையால் மாற்றும் கியர் எளிது, பழுதுபார்க்கச் செலவு குறைவு. 2012இல் வந்த புரோட்டோன் பிரவே டர்போ காரில் சி.வி.டி. முறை இருந்தது. அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கிடையே ஒரு பட்டை ஓடும். படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக விகிதம் மாறும். 2023இல் வந்த புரோட்டோன் எஸ்70 காரில் ஏழு கியர்களும் இரட்டைக் கிளட்ச்சும் அமைந்தன. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 ஆகிய கியர்களுக்கு. மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றுக்கு. ஒரு கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே மறு கை அடுத்த கருவியை எடுத்து வைத்திருப்பதைப் போன்றது இது. மாற்றம் நொடிப்பொழுதில் நடக்கும். ஆனால் பழுதுபார்க்கத் தேர்ந்த கை வேண்டும்.

தேர்ந்த கை என்றதும் நாம் மாணவரிடம் இன்னொன்றும் சொன்னோம். "தம்பி, 1922 முதல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியால் பெயர் பெற்ற தஞ்சோங் மாலிமில், 2003இல் புரோட்டோன் தொழிற்சாலையும் வந்தது. கார் உன் மனத்தை இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால், அதைப் பழுதுபார்க்கும் கல்வியையே படிக்கலாமே. அப்பாவின் பணம் ஒரு ஹாஃப்கட்டுக்குப் போனால் ஒரு நாளில் போய்விடும். படிப்புக்குப் போனால் உன் கையிலேயே தங்கும்."

மாணவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் மட்டும் வந்தார். வீராவுக்கு நான்கு நல்ல டயர்களும் புதிய பிரேக் பட்டைகளும் போட்டதாகச் சொன்னார். மகன் மாலை நேர வகுப்புகளை விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். ஈவோ ஆசை போய்விட்டதா என்று கேட்டோம். "சுவத்துல படம் இன்னும் இருக்கு சார்" என்று சிரித்தார்.

படம் இருக்கட்டும், நேயர்களே. வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். குனிந்து நான்கு டயர்களையும் பாருங்கள். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றைச் சரிபாருங்கள். எஞ்சின் எவ்வளவு வலிமை கொண்டதானாலும், உங்கள் பிள்ளையை வளைவில் சாலையோடு பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர்தான்.