ஆயுதம் இல்லாமல் கூடும் உரிமை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். மாதக் கடைசியில் அரிசியை அளந்து போடுகிற வீட்டில் துப்பாக்கிப் பேச்சுக்கு என்ன வேலை என்பீர்கள். வேலை இருக்கிறது. 1869 முதல் தோட்டா செய்கிற கட்கித் தொழிற்சாலை நம் ஊரில்தான் இருக்கிறது. அந்த மாதிரித் தொழிற்சாலைகளையும் கண்டோன்மெண்டையும் நம்பித்தான் நம்மவர் பலர் இங்கே வந்து குடியேறினார்கள். செய்கிற கைக்குப் பேசுகிற உரிமையும் உண்டு.

நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள்: "நாம் வேற்று மாநிலத்தார். நாளைக்கு ஒரு கலவரம் வந்தால் யார் காப்பாற்றுவார்? கையில் ஒன்று இருந்தால் நல்லதுதானே? ஆயுதம் வைத்துக்கொள்வது பிரஜையின் உரிமை என்று சிலர் சொல்கிறார்களே?" இந்தக் கேள்வியை அதட்டி அடக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வரலாறு. 1878-இல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். வெள்ளைக்காரனுக்கு விலக்கு, இந்தியனுக்கு லைசென்ஸ். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. கையையும் கட்டினான், வாயையும் கட்டினான்! அந்தச் சட்டம் இருந்தபோதே 1897-இல் இந்தப் புனேயின் கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்களின் குண்டு ராண்டைச் சாய்த்தது. 1911-இல் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதனின் குண்டு ஆஷைச் சாய்த்தது. ஆகவே 1931-இல் கராச்சி காங்கிரஸ், கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டதில் வியப்பில்லை. அது அடிமை நாடு கேட்ட உரிமை.

நாடு விடுதலை பெற்ற பின் என்ன ஆயிற்று? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதே உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். ஆள் ஆளுக்குத் தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் ஆட்சி நடக்காது என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. அமெரிக்காவில் 1791 முதல் ஆயுதம் வைத்துக்கொள்வது அரசியல் சட்ட உரிமை. இங்கே அது லைசென்ஸ் பெற்று அனுபவிக்கும் அனுமதி. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

துப்பாக்கி உரிமை கேட்போரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பி இரண்டில் நின்றது. அப்போது அவர்கள் கேட்டது இதுதான்: "லைசென்ஸ் வாங்கியவனை நெருக்குகிறீர்கள். கள்ளத் துப்பாக்கிக்காரனை என்ன செய்தீர்கள்?" இதில் உண்மை இருக்கிறது. சிறு ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் சர்வதேச ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் பொதுமக்களிடம் சுமார் 7 கோடியே 11 லட்சம் துப்பாக்கிகள். அதில் பதிவானவை 97 லட்சம்தான். ஏழில் ஒன்றுகூட இல்லை!

ஆனால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது? நான் ரயில்வே குமாஸ்தா. பார்சல் ஆபீசில் பதிவில்லாத மூட்டை கிடந்தால், பதிவுப் புத்தகத்தைக் கிழித்துப் போடு என்று யாராவது சொல்வார்களா? மூட்டை எப்படி உள்ளே வந்தது, யார் உள்ளே விட்டார் என்றுதானே கேட்போம்? பதிவு என்பது துப்பாக்கிக்குப் பொறுப்பாளியைக் காட்டுகிற ரசீது. அந்த ரசீது இல்லாத துப்பாக்கிக்கு முதல் பலி ஏழைதான். பணக்காரன் வீட்டுக்குக் காவல்காரன் உண்டு. குடிசைக்கு யார் உண்டு?

விளையாட்டு வீரர்களின் நிலை வேறு. நம் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்த ஸ்வப்னில் குசாலே 2024 ஆகஸ்ட் 1-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றார். நமக்கெல்லாம் பெருமை. அத்தகையோருக்கு 2020-இல் தனி அறிவிப்பின் மூலம் கூடுதல் துப்பாக்கிகள் அனுமதிக்கப்பட்டன. அது நியாயம்.

நியாயமில்லாதது எது? லைசென்ஸ் பணமும் செல்வாக்கும் உள்ளவனுக்கு மட்டும் என்று ஆவது. வெள்ளைக்காரன் தோலைப் பார்த்தான். இப்போது பையைப் பார்க்கக் கூடாது. 1959 சட்டத்தின் 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் லைசென்ஸை மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. செக்யூரிட்டி வேலைக்குப் போகும் நம் ஆட்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். கம்பெனி துப்பாக்கியைக் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினால், "அதைத் தாங்க எனக்கு எழுத்தில் அனுமதி எங்கே?" என்று முதலில் கேளுங்கள். மாட்டுகிறவன் கையில் வைத்திருப்பவன்தான்.

இளைஞர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். பேட்டையில் ஒரு 'பாய்' வந்து, "இந்தக் கட்டாவை இரண்டு நாள் வைத்திரு, தம்பி" என்பான். சும்மா வைத்திருந்ததுதானே என்று நினைக்காதே. தெரிந்து வைத்திருந்தாலே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கே பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. தடை செய்யப்பட்ட ரகத்துக்கு இன்னும் அதிகம். நடிகர் சஞ்சய் தத்தின் வழக்கு தெரியும் அல்லவா? குடும்பத்தின் பாதுகாப்புக்கு என்ற பேச்சு அவரைக் காப்பாற்றவில்லை. உச்ச நீதிமன்றம் 2013-இல் குற்றத் தீர்ப்பை உறுதி செய்து, ஆறாண்டுத் தண்டனையை ஐந்தாண்டாகக் குறைத்தது. 2016 பிப்ரவரியில்தான் நம் எரவாடா சிறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்கு வாதாடப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். நம் பையனுக்கு யார் இருக்கிறார்? தாலியை அடகு வைக்கிற தாய்தான் இருக்கிறாள்.

துப்பாக்கி கையில் இருந்தால் கோபத்துக்குக் கால அவகாசம் கிடைக்காது. 1967 ஜனவரி 12-இல் ராமாவரம் தோட்டத்தில் நடந்ததைத் தமிழ்நாடே அறியும். பேச வந்த இடத்தில் வெடித்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலை மாற்றியது, எம்.ஆர். ராதாவைச் சிறைக்கு அனுப்பியது.

அப்படியானால் நமக்குப் பாதுகாப்பு எது? அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது: அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. சங்கம் அமைக்கும் உரிமை உண்டு. 1974 மே 8-இல் ரயில்வேத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சிறை, வேலைநீக்கம் எல்லாம் வந்தன. அவர்கள் கையில் கட்டா இல்லை. ஆனால் டில்லி நடுங்கியது!

கலவரம் வந்தால் நம்மைக் காப்பது பக்கத்து வீட்டு மராட்டியத் தோழன், தெருவில் கூடும் நூறு பேர், உடனே போலீஸ் நிலையம் போகும் சங்கத்தின் கமிட்டி. நாம் ஒரு துப்பாக்கி வாங்கினால் எதிரி பத்து வாங்குவான். நாம் பத்துப் பேரைச் சேர்த்தால் அவன் யோசிப்பான்.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். பதிவுச் சட்டத்தை ஆதரிப்போம். அது ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றாக நடக்க வேண்டும், கள்ளத் துப்பாக்கி செய்கிறவனையும் விற்கிறவனையும் முதலில் பிடிக்க வேண்டும் என்று கேட்போம். நம் பேட்டைப் பிள்ளை ஒருவனும் பிறர் ஆயுதத்தை ஒரு நாள்கூட வைத்திருக்க விடமாட்டோம் என்று வீட்டுக்கு வீடு சொல்லுவோம். தாய்மார்களே, இந்தக் கடைசி வேலை உங்கள் கையில்தான் இருக்கிறது.