வீட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளை

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் இருக்கும் சகோதரப் பள்ளியிலிருந்து மாணவர்கள் இரண்டு வாரம் வருகிறார்கள். ஒவ்வொருவரும் இங்கே ஒரு மாணவர் வீட்டில் தங்குவார்கள். விருப்பமுள்ள பெற்றோர் பெயர் கொடுக்கலாம். மும்பை செம்பூரில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை என்று அடக்கமாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முதலில் வாயில் வருவது, "நம்ம வீட்டுல இடம் எங்கே இருக்கு?" என்பதுதான்.

"பெயர் கொடுங்கள்" என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்த ஏற்பாடு எங்கே வேர் விட்டது என்று பாருங்கள். மும்பைக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கும் 1968 முதல் சகோதர நகர உறவு இருக்கிறது. அந்த ஸ்டுட்கார்ட்டை ஒட்டி லுட்விக்ஸ்பர்க் என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950-இல், அந்த ஊர் பிரான்சின் மோன்பெலியார் நகரத்தோடு உறவு பூண்டது. ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையில் ஏற்பட்ட முதல் சகோதர நகர உறவு அது. 1870-இலிருந்து 1945-க்குள் மூன்று முறை போரிட்ட நாடுகள் அவை. எத்தனையோ வீடுகளில் சாவு விழுந்திருந்தது.

அதே லுட்விக்ஸ்பர்க்கில், 1962 செப்டம்பர் 9 அன்று, பிரெஞ்சு அதிபர் டி கோல் ஜெர்மன் இளைஞர்கள் முன்னால் நின்று, அவர்கள் மொழியிலேயே பேசினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இரு நாடுகளும் எலிசே நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜூலையில் இரு நாட்டு இளைஞர்களுக்கென்றே ஒரு பொது அலுவலகம் தொடங்கினார்கள். இன்றுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். தலைவர்கள் கைகுலுக்கினால் மட்டும் பகை தீராது, பிள்ளைகள் பழக வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். பள்ளிகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில் பிள்ளை ஓட்டலில் தங்காமல் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவதும் அதற்காகத்தான்.

வீட்டில் தங்கினால் அப்படி என்ன கிடைத்துவிடும்? ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் வீட்டில் விருந்தாளி "போதும்" என்றால், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று தோசை தட்டில் விழும். அவர் கூச்சப்படுகிறார் என்று நாம் எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் வீடுகளில் பொதுவாக வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்டு வற்புறுத்துவது மரியாதை ஆகாது. இங்கே வந்த பையன் மூன்றாவது தோசையோடு திணறுவான். அங்கே போன நம் பெண், மரியாதைக்கு ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முதல் ராத்திரி அரை வயிற்றோடு படுப்பாள். இரண்டு வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை. அன்பைக் காட்டும் வழிதான் வேறு. இதை எந்தப் பாடப்புத்தகமும் பசியோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்காது.

இந்தப் படிப்புக்குச் செம்பூர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே பாதி தயார். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலமும் மராத்தியும், வாட்ச்மேனிடமும் காய்கறிக்காரரிடமும் இந்தி. பிரிவினைக்குப் பின் சிந்தி மக்கள் வந்து முகாமில் தங்கி வேரூன்றிய பகுதி இது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அணுசக்தி மையம் என்று வேலை தேடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் பக்கத்தில் குடியேறின. வந்தவர்களை ஏற்றுக்கொண்டே வளர்ந்த ஊருக்கு இன்னொரு பிள்ளை பாரமா?

ஏற்பாடுகளும் கைக்கு எட்டாதவை அல்ல. நம் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை. ஸ்டுட்கார்ட்டில் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில்தான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத் தொடக்கத்தில் போகும் நம் பிள்ளைகள் அங்கே வகுப்பிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். அவர்களுடைய இலையுதிர்கால விடுமுறை அக்டோபர் கடைசியை ஒட்டி வரும். மழை ஓய்ந்து, தீபாவளி நெருங்கும் நேரம். தங்க இடமும் சாப்பாடும் அந்தந்த வீட்டின் பொறுப்பு என்பதால், பெரிய செலவு விமான டிக்கெட்தான். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். பள்ளி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் பெற்றோருக்குப் பதற்றம் இருக்காது.

பள்ளி நிர்வாகங்களிடம் இரண்டு வேண்டுகோள். போவதும் வருவதும் இரண்டும் இருந்தால்தான் அது பரிமாற்றம். நம் பிள்ளைகள் மட்டும் போய்க் கோட்டை கொத்தளம் பார்த்துவிட்டு வந்தால் அதற்குப் பெயர் சுற்றுலா. விருந்தாளியாக இருந்து பார்த்தவர்தான் நல்ல விருந்தோம்பி ஆவார். விருந்தோம்பிப் பார்த்தவருக்குத்தான் பிறர் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது, யாரை அனுப்புவது என்பது. டிக்கெட்டுக்குப் பணம் கட்ட முடிந்தவர்களும் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்களும் மட்டும் போனால், ஏற்கெனவே கதவு திறந்தவர்களுக்கே இன்னொரு கதவு திறக்கிறது. தாராவியில் ஒற்றை அறையில் வளரும் ஒரு பிள்ளைக்கு, நெருக்கடியில் அனுசரித்து வாழும் கலை நம்மில் பலரைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பிள்ளையின் டிக்கெட்டை முன்னாள் மாணவர்கள் பங்கு போட்டு ஏற்கட்டும். தங்க வைக்க இடமில்லாத குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கட்டும், அதுவும் விருந்தோம்பல்தான்.

பெற்றோர்களே, அந்தச் சுற்றறிக்கை வந்தால் இடத்தை அளந்துகொண்டு உட்காராதீர்கள். ஹாலில் ஒரு பாய் விரிக்க முடியுமென்றால் பெயரைக் கொடுங்கள். சுற்றறிக்கையே வராத பள்ளி என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்: "நமக்கு ஒரு சகோதரப் பள்ளி ஏன் இருக்கக் கூடாது?"