வாயிலிற் பொறிக்கும் பெயர்



தமிழ்ப்பெயர் இட்டால் வலைத்தளத்திற்கு வருவோர் குறைவர் என எம் மன்றத்து இளைஞர் அஞ்சினர். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் எனத் தமிழெழுத்தில் முடியும் முகவரி ஈறுகள் 2010, 2011ஆம் ஆண்டுகளிலேயே இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறிவிட்டன. பின்னும் அச்சம் ஏன்?

நல்ல பெயர் குறுகியது. கேட்டவுடன் பிழையின்றி எழுத வருவது. தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்திற் பெயர்த்தாலோ, ழகரம் ஒன்றே ஆளுக்கொரு வடிவிற் சிதைகின்றதன்றோ? வருவோர் வழிதவறுவது அங்கேதான்!

வருகைக் கணக்கும் ஆராயத்தக்கது. ஒருவரே பத்து முறை திறப்பின், திறப்புப் பத்து, ஆள் ஒருவரே. தேடுபொறிகளின் தானியங்கிகளும் அக்கணக்கிற் புகுவதுண்டு. ஆகலின், மீண்டும் வந்து படிப்போரையே எண்ணுக. பொய்த்தொகைக்கு அஞ்சித் தமிழ்ப்பெயரை இழவாதீர்!