சூசைக்குக் கிடைக்காத பங்க்

தோழர்களே, விசுவாசத்தைக் காப்பது எப்படியென்று தாலுகா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்கு நின்ற நம் மக்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த மேலகரத்திலும் கேட்கலாம்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கொடுத்தது. இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. சூசை கிறிஸ்தவர், அதனால் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் இழிவு அதே கடுமையோடு தொடர்வதைக் காட்டவில்லை என்று 1985இல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். தெருவில் உட்கார்ந்து ஊரார் செருப்பைத் தைக்கிறவர் வேறு எதைக் காட்டுவார்?

எல்லாம் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி ஆணையின் மூன்றாம் பத்தி செய்த வேலை. சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை, 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சொல்லியும்கூட.

திருச்சபை மட்டும் அணைத்ததா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர்.

நம் வீடுகளில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. மறுதலித்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பிள்ளை படிக்க வேண்டுமே. ராத்திரி ஜெபத்தில் அம்மா சொல்வது அந்த இரண்டாவது பெயரைத்தான்.